பாதியில் போனவரின் எண்

ஆறு பிரஸ் ஓட வேண்டிய இடத்தில் நாலு ஓடுகிறது.
கப்பலூர் தொழிற்பேட்டையில்
குக்கர் கேஸ்கெட் போடுகிறவள் நான்.
ஆர்டர் இருக்கிறது, காசு இல்லை.
யாரிடம் சொன்னாலும் அதெப்படி என்கிறார்கள்.
எனக்கும் அதுதான் தெரிய வேண்டும்.

"ஒரு கோச் வச்சுக்கங்க மேடம்" என்றார் ஆடிட்டர்.
நானறிந்த கோச்
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விசில் ஊதுகிறவர்.
தொழிலுக்கும் உண்டாம்.

முதலில் போனது பைபாஸ் ரோட்டு ஓட்டல் ஹாலுக்கு.
மேடையில் 'இலக்கு' இளம்பரிதி,
காதோரம் மைக், காலில் வெள்ளை ஷூ.
கண்ணை மூடச் சொன்னார், மூடினோம்.
கோடியைப் பார்க்கச் சொன்னார்.
எனக்குத் தெரிந்தது
விளக்குத்தூண் பாத்திரக் கடைக்காரர்
தொண்ணூறு நாளாகத் தராத செக்.
பக்கத்து நாற்காலியில் ஒருவர் அழுதார்.
மதியம் பன்னீர் நன்றாகவே இருந்தது.
வாசலில் கார்டு தேய்க்கும் மெஷினோடு
இரண்டு பையன்கள்:
இன்றைக்கே சேர்ந்தால் பாதி விலை.
மாட்டுத்தாவணியில் கொத்தமல்லிக் கட்டு
சாயங்காலம்தான் பாதி விலைக்கு வரும்.

பிறகு கொஞ்ச நாள் யாரையும் தேடவில்லை.
தீபாவளி போனஸுக்காக
வளையல் வங்கிக்குப் போனது.

நஸ்ரின் வந்தது தை மாதம்.
மகபூப்பாளையம். முப்பத்திரண்டு வயசு,
என் மூத்த மகனைவிட ஒன்று கூட.
ஸ்கூட்டியில் டோல்கேட் வழியாக வந்து
ஆபீஸ் அறையில் உட்காராமல்
நேரே கழிவு மூட்டையிடம் போனாள்.
ஓரம் வெட்டிய ரப்பரைக் கையில் அள்ளி
"இது வாரத்துக்கு எத்தனை கிலோ?"
எனக்குத் தெரியவில்லை.
பிரஸ் ஓட்டும் வேலுத்தாயிக்குத் தெரிந்திருந்தது.
கரி ஒட்டிய கையைத் துடைக்க
பழைய பில் ஒன்றைக் கேட்டு வாங்கினாள்,
துடைக்கும் முன் படித்தாள்.

பிடித்துப்போனது. அதனாலேயே பயந்தேன்.
பிடித்தவர்களை நம்பித்தான்
கடனுக்குச் சரக்கு விட்டது அத்தனையும்.

"முன்னேறினவங்க பேரு வேண்டாம்" என்றேன்,
"அவங்கதான் உங்க போன்ல வரிசையா சிரிக்கிறாங்களே.
உங்ககிட்ட பாதியில நின்னு போனவர்
ஒருத்தர் நம்பர் குடுங்க."

அவள் பேசவில்லை.
கம்ப்ரஸர் ஒரு தடவை ஓடி நின்றது.
போனை எடுக்காமலே ஒரு எண்ணைச் சொன்னாள்,
பத்து இலக்கமும் மனப்பாடமாக.

உசிலம்பட்டி ஒச்சப்பன்.
பேப்பர் கப் மெஷின் வைத்திருந்தவர்.
"அந்தப் புள்ளையா" என்று மூச்சு விட்டார்.
பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.
"ஒம்பது மாசம் வந்துச்சு.
பத்தாவது மாசம், அண்ணே மூடிருங்கன்னுச்சு.
வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.
அந்த மாச ஃபீஸைத் திருப்பி அனுப்புச்சு,
வீம்புக்கு நானும் திருப்பி விட்டேன்."
மூடினீங்களா?
"அப்பவே மூடல. இன்னொரு வருசம் ஓட்டி
தோட்டத்தையும் சேத்து மூடினேன்."
ஒரு பஸ் திண்டுக்கல் திண்டுக்கல் என்று
அவர் காதருகே கூவிக் கடந்தது.
"கணக்கு சரியாத்தேன் சொல்லுச்சு.
ஆனா பொண்டாட்டி முன்னால வச்சு சொல்லிருக்கக் கூடாது.
அத மட்டும் அதுகிட்ட சொல்லிருங்க."

சொன்னேன்.
நஸ்ரின் நோட்டில் ஏதோ எழுதினாள்,
நான் எட்டிப் பார்க்கவில்லை.
மாதம் பதினெட்டாயிரம் கேட்டாள்.
பேரம் பேச வாய் வந்தது,
பேசவும் செய்தேன். ஐந்நூறு குறைத்தாள்.
மூன்று மாதம், அப்புறம் பார்க்கலாம்.

"என்னையும் மூடச் சொல்ற நாள் வந்தா
கதவச் சாத்திட்டுச் சொல்லுங்க."

"கதவு எங்க இருக்கு?" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன்.
ஆறாவது பிரஸ் இந்த வழியாக உள்ளே வர
மூன்று வருஷம் முன்னே கழற்றியது.
சுவரோரம் சாய்ந்தே நிற்கிறது,
மேலே காலி சாக்குகள்.
அந்தப் பிரஸ்ஸும் ஓடவில்லை.

பேனாவைத் திறந்து
அதைத்தான் முதலில் எழுதினாள்.